முதல் பக்கத்துக்கு முதலில் மை போடாதீர்கள்: கிராஃபிக் நாவலுக்கு இங்க்கிங் செய்யப்போகிறவர்களுக்கு

பென்சில் வேலை முடிந்த 112 பக்கங்கள் மேஜை மேல் அடுக்காக இருக்கின்றன. புதுத் தூரிகை, திறக்காத மைப்புட்டி. இந்த நேரத்தில் யாருக்கும் ஒரே ஆசைதான் வரும்: முதல் பக்கத்தை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டுவிட வேண்டும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும் கதை. முதல் பக்கத்திலிருந்து வரிசையாக மை போட்டுக்கொண்டே போனேன். முப்பதாவது பக்கம் முடிந்த அன்று அதையும் முதல் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டையும் வரைந்தது ஒரே ஆள் என்று என் அம்மாவே நம்பமாட்டார். முதல் பக்கத்தில் முகத்தின் கோடு முழுக்க ஒரே தடிமன், கட்டுக்கம்பியை வளைத்து ஒட்டிய மாதிரி. முப்பதில் அதே முகத்தின் தாடைக்குக் கீழே கோடு தடித்து, காதுப் பக்கம் போகப்போக மெலிந்து காணாமல் போகிறது. மூன்று மாதத்தில் கை மாறியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் புத்தகக் கண்காட்சியில் ஒருவர் புத்தகத்தைப் புரட்டினால் முதலில் கண்ணில் படப்போவது, என் கை மிக மோசமாக இருந்த வாரத்தில் போட்ட நாலு பக்கங்கள்.

நீளமான புத்தகத்துக்கு மை போடும்போது கை மாறத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. அந்த மாற்றத்தைப் புத்தகத்தின் எந்த இடத்தில் விழவைப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. கீழே சொல்லும் வேலை வரிசையில் பாதி அதற்காகத்தான்.

அளவு முதலில், தாள் பிறகு

புத்தகம் என்ன அளவில் அச்சாகப்போகிறது என்று முடிவு செய்யாமல் தாள் வாங்காதீர்கள். என்னுடையது கிரவுன் 1/4, சுமார் 18 × 24 செ.மீ. ஒன்றரை மடங்காக்கினால் 27 × 36. ஏ3 தாளுக்குள் இது தாராளமாக அடங்கும், ஓரத்தில் குறிப்பு எழுதவும் இடம் மிஞ்சும். அமெரிக்க மாதக் காமிக்ஸ் ஓவியர்கள் 11 × 17 அங்குலத் தாளில் 10 × 15 அங்குலப் பரப்பில் வரைவார்கள். ஜப்பானில் பத்திரிகைகளுக்கு மாங்கா வரைகிறவர்களுக்கு பி4 தாள். எல்லாமே அச்சளவைவிடப் பெரிது. பெரிதாக வரைந்து சுருக்கும்போது கையின் சின்னச் சின்ன நடுக்கம் கண்ணில் படாமல் போய்விடும்.

கூடவே கோடும் சுருங்கும், இதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். 0.3 மி.மீ. கோடு அச்சில் 0.2 ஆகிவிடும். நெருக்கமாகக் கீறிய நிழல் கோடுகளுக்கு நடுவே விட்ட வெள்ளையும் அதே கணக்கில் குறுகும். மேப்லித்தோ தாளில் அச்சு மை கொஞ்சம் பரவும் என்பதால் அந்த வெள்ளை அடைத்துக்கொண்டு சாம்பல் திட்டாகிவிடும். இதை முன்கூட்டியே பார்க்க ஒரு ஜெராக்ஸ் கடை போதும். மை போட்ட ஒரு ஏ3 பக்கத்தை 67 சதவீதத்துக்குக் குறைத்து ஏ4 தாளில் நகல் எடுத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த இடம் அடைத்திருக்கிறதோ அங்கே உங்கள் கோடு அதிகம். முதல் பத்துப் பக்கங்களுக்கு இதை விடாமல் செய்தால், பிறகு கையே இடைவெளி விடப் பழகிக்கொள்ளும்.

பக்க எண்ணிக்கையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாகத்தான், அதாவது பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்துத்தான் அச்சடிப்பார்கள். 112 என்றால் சரியாக ஏழு ஃபாரம். 115 பக்கம் வரைந்துவிட்டு அச்சகத்தில் போய் நின்றால் மூன்று பக்கத்தை வெட்ட வேண்டும், அல்லது வெள்ளைப் பக்கங்களுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

தாளுக்கு வருவோம். வழவழப்பான பிரிஸ்டல் அட்டை என்றால் நிப் சிக்காமல் ஓடும். அது கட்டுப்படியாகாவிட்டால் 200 ஜி.எஸ்.எம்.முக்கு மேற்பட்ட கார்ட்ரிட்ஜ் தாளும் ஆகும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போய்த் தேடிப் பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு தாள் வாங்குங்கள். இரண்டு பக்கமும் நிப்பால் ஒரு கோடு, தூரிகையால் ஒரு கோடு. கோட்டின் ஓரம் மயிர் மயிராகக் கசிந்தால் அந்தத் தாள் வேண்டாம். கசியவில்லையென்றால் மொத்தப் புத்தகத்துக்கும் சேர்த்து, மேலே ஒரு இருபது தாளும் போட்டு, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பெயரில் வாங்கும் தாள் அதே தாளாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

நிப், தூரிகை, மை

எதில் தொடங்குவது என்று கேட்டால், ஒரே தடிமனில் ஓடும் பிக்மென்ட் பேனாவும் ஒரு ஜி பேனா நிப்பும் என்பேன். பிக்மா மைக்ரான் பேனாவில் 005 என்றால் 0.20 மி.மீ., 05 என்றால் 0.45, 08 என்றால் 0.50. கட்டடம், ஜன்னல், படகின் பலகை மாதிரியான பின்னணிக்கு இவை போதும். ஆனால் முகத்தையும் உடம்பையும் இவற்றால் போட்டால் படம் செத்துப்போகும். அழுத்தினால் தடிக்கும், விட்டால் மெலியும் என்ற குணம் நிப்புக்கும் தூரிகைக்கும்தான் உண்டு.

புது நிப்பில் மை நிற்காது, முத்து முத்தாக உருளும். துருப்பிடிக்காமல் இருக்க ஆலையில் பூசிய எண்ணெய்தான் காரணம். நிப் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உருளைக்கிழங்கில் பத்து நிமிடம் குத்திவைத்துத் துடையுங்கள், அல்லது கொஞ்சம் பற்பசை தேய்த்துக் கழுவுங்கள். இன்னொரு விஷயம்: நிப்பை எப்போதும் உங்களை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளினால் இரண்டு முனையும் தாளில் குத்தி மையைத் தெறிக்கும். வளைவு எதிர்ப்பக்கம் போகிறதென்றால் கையைத் திருகாமல் தாளைத் திருப்புங்கள். நான் ஒரு முகத்தை முடிப்பதற்குள் தாள் நாலைந்து தடவை சுற்றிவரும்.

தூரிகைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நல்ல இங்க்கிங் தூரிகை என்றால் பழைய ஆட்கள் சொல்வது கோலின்ஸ்கி என்ற சைபீரிய விலங்கின் முடி வைத்தது. 1866-இல் விக்டோரியா அரசி கேட்டுச் செய்யவைத்த வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7 இன்றைக்கும் விற்கிறது. அளவு 2 அல்லது 3 வாங்குங்கள். மெல்லிய கோடு வேண்டும் என்று 00 வாங்குகிறவர்கள் நாலு நாளில் வெறுத்துப்போவார்கள். அதில் மை நிற்காது, கோடு பாதியிலேயே வறண்டுவிடும். தடித்த தூரிகையின் கூர்முனைதான் நீளமான மெல்லிய கோட்டைத் தரும். காசு இல்லையென்றால் செயற்கை முடித் தூரிகையே போதும், இரண்டு மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் யாராவது "பழைய ஸ்டாக் சார், கீரிமுடி" என்று எடுத்து நீட்டினால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியில் செய்த தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

மை விஷயத்தில் ஒரே சோதனை. ஒரு கோடு போட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஈரத் தூரிகையால் அதன் மேல் தடவுங்கள். கரைந்தால் அது நமக்கு வேண்டிய மை இல்லை. இந்தியன் இங்க் என்று விற்கும் நீர்புகா மை, கரித்தூளும் அரக்கும் சேர்ந்தது. அரக்கு இருப்பதால் காய்ந்தபின் கரையாது. அதே காரணத்தால் அதை ஊற்றுப் பேனாவில் ஊற்றினால் பேனா அடைத்து வீணாகிவிடும். ஊற்றுப் பேனா மையோ சாயம். வெயிலில் வெளுக்கும், தண்ணீர் பட்டால் ஓடும். கரி வெளுக்காது. எழுத்தாணியால் ஓலையில் கீறிவிட்டு எழுத்துத் தெரிய விளக்குக்கரி பூசியவர்கள் நம் ஊர்க்காரர்கள், அவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

மைப்புட்டியை ஒரு டபராவுக்குள் வையுங்கள். சிரிக்காதீர்கள். 61-ஆம் பக்கத்தின் மேல் முழங்கை பட்டு முக்கால் புட்டி மை கவிழ்ந்த பிறகு வந்த ஞானம் இது. டபராவுக்குள் சாய்ந்தால் மை அங்கேயே தங்கிவிடும், திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

வசன பலூனுக்கு இடம் விடாமல் நிப்பைத் தொடாதீர்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இங்க்கிங் பாடங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். தமிழ் வார்த்தைக்கு அகலம் வேண்டும். "சொல்லிக்கிட்டிருந்தாரு" என்பது ஒரே வார்த்தை. குறுகலான உயரமான பலூனில் இதைப் போட்டால் நடுவில் உடைக்க வேண்டியிருக்கும், உடைத்தால் படிக்கிறவருக்குத் தடுக்கும். அதனால் நம் பலூன்கள் அகலமாக, உயரம் குறைவாக இருப்பதே நல்லது. வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே கொக்கிகளும் இருக்கும் எழுத்து இது. நெருக்கினால் மேல்வரியின் 'நு', 'து' எல்லாம் கீழ்வரியின் புள்ளியோடு மோதும்.

எனவே மை போடும் முன்பே வசனத்தைக் கணினியில் அச்சளவில் அடித்து, 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி அச்செடுத்து, வெட்டிப் பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பலூனின் ஓரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் எதையும் வரைய வேண்டாம். என் கதையில் ஒரு ஏல வியாபாரி வாயே மூடமாட்டார். அவர் வரும் பக்கங்களில் பாதி பேனல், அதாவது படக்கட்டத்தில் பாதி, பலூனுக்கே போய்விட்டது. பென்சிலில் அழகாக வரைந்த ஐஸ் பெட்டிகளை எல்லாம் அழித்தேன். மை போட்ட பிறகு அழிக்க நேர்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

எந்தக் காட்சி எப்போது

இனி முக்கியமான விஷயம். பக்க எண்ணை மறந்துவிட்டுக் கதையைக் காட்சிகளாகப் பிரியுங்கள். எனக்குப் பதினாலு காட்சிகள் வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி மேஜையில் பரப்பினேன்.

முதலில் எடுக்க வேண்டியது புத்தகத்தின் நடுவில் வரும், முக்கியப் பாத்திரங்களின் முகம் அதிகம் கிட்டத்தில் தெரியாத ஒரு காட்சி. இரவு, மழை, கூட்டம் என்றால் இன்னும் நல்லது. கறுப்பு நிறைய விழும், தடுமாற்றம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அடுத்து முன்பாதியிலிருந்து ஒன்று, பின்பாதியிலிருந்து ஒன்று என்று மாற்றி மாற்றி எடுங்கள். இப்படிச் செய்தால் கையின் வளர்ச்சி புத்தகம் முழுக்கத் தூவினாற்போல் சிதறிவிடும், ஒரு பக்கமாகச் சாயாது. ஒரு காட்சியை மட்டும் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். காட்சி மாறும்போது இடமும் வெளிச்சமும் மாறுவதால் கோடு மாறியதை வாசகர் கவனிக்கமாட்டார். ஒரே காட்சிக்குள் மாறினால் கவனிப்பார்.

தொடக்கக் காட்சியும் இறுதிக் காட்சியும் பதினாலில் பத்தாவது, பதினோராவதாக வரட்டும். கடைசி கடைசியாக வைக்க வேண்டாம். அப்போது கை நன்றாக இருக்கும், ஆனால் ஆள் சலித்துப்போயிருப்பார். எப்படியாவது முடித்தால் போதும் என்று போட்ட கோடு பார்த்தாலே தெரியும்.

நான் இந்தத் திட்டத்துக்கு வந்தது முப்பது பக்கம் கெட்ட பிறகு. முதல் நாலு பக்கத்தைத் தூக்கிவைத்துவிட்டு, இன்னும் மை போடாத 82 பக்கத்துக்குச் சீட்டு போட்டேன்.

தொடங்குவதற்கு முன் இன்னொரு வேலை: முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொருவரையும் மூன்று கோணத்தில், மூன்று அளவில் மையிலேயே வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பென்சிலில் வரைந்தது இதற்கு உதவாது. புருவத்துக்கு எத்தனை கோடு, மீசைக்குத் தூரிகையா நிப்பா, தூரத்தில் இருக்கும்போது கண் வெறும் புள்ளியா என்பதெல்லாம் மையில்தான் முடிவாகும்.

ஒரு பக்கத்துக்குள்

மேஜையில் உட்கார்ந்ததும் பக்கத்தைத் தொடாதீர்கள். பழைய செய்தித்தாளில் பத்து நிமிடம் கோடு இழுங்கள், முழங்கையிலிருந்து. வாசலில் கோலம் போடுகிறவர் இழைக்கு நடுவே யோசித்து நின்றால் அந்த இடத்தில் மாவு திட்டாக விழுமே, தூரிகையும் அப்படித்தான். கோடு எங்கே முடியப்போகிறது என்று பார்த்துக்கொண்டு இழுக்க வேண்டும், முனையைப் பார்த்துக்கொண்டு இல்லை.

பிறகு பார்டர், பலூன் ஓரம். ஸ்கேலின் சரிவான ஓரம் கீழ்ப்பக்கம் வரும்படி கவிழ்த்து வையுங்கள். ஓரம் தாளைத் தொடாமல் இருந்தால் மை அடியில் புகாது. அடுத்து முன்னால் இருக்கும் உருவங்கள், அவற்றிலும் முகம் முதலில். கை அப்போதுதான் புதிதாக இருக்கும். அப்புறம் பின்னணி, கறுப்பு நிரப்புவது, நிழல் கோடு, கடைசியில் வெள்ளை. வலக்கைக்காரர்கள் இடது மேல்மூலையிலிருந்தும் இடக்கைக்காரர்கள் வலது மேல்மூலையிலிருந்தும் இறங்கினால் ஈர மையில் கை படாது. இரண்டு பக்கங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டு ஒன்று காயும்போது மற்றதில் வேலை செய்வது என் வழக்கம்.

சென்னை வெயிலில் உள்ளங்கை வியர்வை தாளில் இறங்கினால் அந்த இடத்தில் மை கசியும். பழைய பனியன் துணியை மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு பிரச்சினை. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் காய்ந்திருக்காது.

ஒரு பேனல், கிட்டத்தில்: வலை

பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு பேனலைக் காட்டுகிறேன். 37-ஆம் பக்கம், மூன்றாவது பேனல். ஒரு கிழவர் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். மடியில் வலை, காலடியில் வலை, பின்னால் குவியலாக வலை. பென்சிலில் எல்லாக் கண்ணியையும் பொறுமையாக வரைந்திருந்தேன், குறுக்கு நெடுக்காக.

முதல் முறை அந்தப் பென்சிலை அப்படியே பின்பற்றிப் போட்டேன். இரண்டரை மணி நேரம். முடித்துப் பார்த்தால் கிழவரையே காணோம். பேனல் முழுக்க ஒரே சாம்பல், அவர் கையும் அதற்குள் மறைந்துவிட்டது.

இரண்டாம் முறை வேறு தாளில். முதலில் கையை மட்டும் போட்டேன், 3-ஆம் எண் தூரிகையால். விரலின் மேல்பக்கம் மெல்லிய கோடு, கீழ்ப்பக்கம் அதைவிட இரு மடங்கு தடிமன். வெயில் மேலிருந்து விழுகிறது என்பதற்கு அதுவே போதும், நிழல் தேவையில்லை. கையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு எதுவும் போடாமல் வெள்ளையாக விட்டேன். மடியில் இருக்கும் வலைக்கு மாரு பேனா என்ற மெல்லிய நிப். வலை மடிந்து விழும் இடங்களில் மட்டும் கண்ணிகளை முழுதாக வரைந்து, மடிப்பிலிருந்து வெளியே வர வரக் கோட்டை அறுத்துக்கொண்டே போனேன். வெளிச்சம் படும் மேட்டில் நாலைந்து முடிச்சுப் புள்ளிகள், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் குவியலுக்குக் கண்ணியே கிடையாது. அதன் உருவத்தைக் கறுப்பாக நிரப்பி, ஓரத்தில் மட்டும் பிசிறு பிசிறாக இழை நீட்டினேன். அந்தக் கறுப்புக்கு எதிரே கிழவரின் நரைத்த தலை வெள்ளையாக எழுந்து வந்தது. நாற்பது நிமிட வேலை.

பென்சிலில் இருப்பதை மையில் நகலெடுப்பதுதான் இங்க்கிங் என்று நினைத்தால் வலையில் மாட்டிக்கொள்வோம். அமெரிக்காவில் பென்சில் ஒருவர், மை ஒருவர் என்று பிரித்துச் செய்யும் வழக்கம் உண்டு. ஜாக் கிர்பியின் பென்சிலுக்கு ஜோ சின்னாட் மை போட்ட பக்கங்களையும், அதே கிர்பிக்கு வேறொருவர் போட்டதையும் பார்த்தால் இரண்டும் வேறு வேறு படமாகத் தெரியும். எதை விடுவது என்று முடிவு செய்கிறவர் மை போடுகிறவர்தான். நம் ஊரில் பார்க்க வேண்டுமானால் பழைய ஆனந்த விகடன் இதழ்களில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைத் தேடிப் பிடியுங்கள். ஒரு சிற்பத்தை எடுத்து, எங்கே கோடு போட்டிருக்கிறார், எங்கே வெறும் தாளை விட்டிருக்கிறார் என்று விரலால் தடவிக்கொண்டே போனால் ஒரு நாள் வகுப்புக்குச் சமம்.

கறுப்பு

கறுப்பாக்க வேண்டிய இடத்தில் பென்சிலிலேயே ஒரு பெருக்கல் குறி போட்டுவையுங்கள். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். ஒரு பக்கத்தைத் தனியாகப் பார்த்துக் கறுப்பை முடிவு செய்யாதீர்கள். வாசகர் கண்ணுக்கு இடது பக்கமும் வலது பக்கமும் சேர்ந்தேதான் தெரியும். இரண்டையும் தீப்பெட்டி அளவில் வரைந்து, கறுப்பை மட்டும் நிரப்பி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பெரிய கறுப்பை ஒரே பூச்சில் முடிக்காமல் மெல்லிய இரண்டு பூச்சாகப் போட்டால் தாள் அப்பளம் மாதிரி நெளியாது.

தப்பு நடந்தால்

நடக்கும். சின்னப் பிசகுக்கு வெள்ளை போஸ்டர் கலர் அல்லது வெள்ளை ஜெல் பேனா. நன்றாகக் காய்ந்தபின் மேலே மறுபடி மை போடலாம், ஆனால் கோடு கொஞ்சம் சொரசொரப்பாக வரும். முகமே கெட்டுப்போனால் ஒட்டுப்போடுங்கள். அதே தாளின் ஒரு துண்டைக் கெட்ட இடத்துக்கு அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிளேடால் வெட்டினால் துண்டு அச்சாக அந்தப் பள்ளத்தில் பொருந்தும். பின்பக்கம் டேப் ஒட்டிவிட்டு, அதன் மேல் புதிதாக வரையுங்கள். அச்சில் ஒருவருக்கும் தெரியாது. 61-ஆம் பக்கத்தில் ஒட்டு உதவவில்லை, பக்கத்தையே மறுபடி வரைந்தேன்.

கணக்கு நோட்டு

பக்கக் கணக்கு ஏமாற்றும். ஒரு பக்கத்தில் ஒரே பெரிய படம், இன்னொன்றில் ஒன்பது பேனல். அதனால் பேனலை எண்ணுங்கள். பக்கத்துக்குச் சராசரி ஐந்து என்றால் 112 பக்கத்துக்கு 560 பேனல்; வாரத்துக்குப் பதினைந்து போட்டால் 37 வாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிறவர் வாரம் பதினைந்துக்கு மேல் திட்டம் போட வேண்டாம். நான் இருபத்தைந்து என்று போட்டு, மூன்றாவது வாரமே நோட்டைத் திறக்கப் பயந்தேன்.

சுவரில் கட்டம் போட்ட தாள் ஒன்று ஒட்டி, முடிந்த பேனலுக்கு ஒரு கட்டம் கறுப்பாக்குங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ஐந்தாவது மாதத்தில் வேறு எதுவும் கைகொடுக்காது. கை வராத நாட்களுக்கென்று தனியாக வேலை ஒதுக்கிவையுங்கள்: பார்டர், பெருக்கல் குறி போட்ட கறுப்பு, ஓட்டுக்கூரை. அன்றைக்கு முகம் மட்டும் போடாதீர்கள்.

ரப்பரும் ஸ்கேனும்

மை போட்ட அன்றே ரப்பர் போட வேண்டாம். கோடையில் சில மணி நேரம், மழைக்காலத்தில் மறுநாள் காலை. மிருதுவான ரப்பரை ஒரே திசையில் தேயுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் சுருங்கிக் கிழியும். ரப்பர் மையையும் கொஞ்சம் மங்கவைக்கும்; மங்கிய கறுப்பை மறுபடி நிரப்பிவிடுங்கள். பென்சிலுக்குப் பதில் வெளிர்நீலப் பென்சிலில் வரைந்தவர்களுக்கு இந்த வேலை குறைவு. ஸ்கேன் செய்த படத்தின் நீல சேனலை மட்டும் எடுத்தால் நீலக் கோடு கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், மை அப்படியே நிற்கும்.

ஏ3 ஸ்கேனர் வீட்டில் இருக்காது. ஏ4 ஸ்கேனரில் இரண்டு பகுதியாக, நடுவில் இரண்டு அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று வரும்படி எடுத்து இணைத்துக்கொள்ளலாம். 600 டி.பி.ஐ., சாம்பல் நிற முறை. அச்சில் மூன்றில் இரண்டாகச் சுருங்குவதால் அது 900 டி.பி.ஐ. ஆகிவிடும், கோட்டுக்குப் போதுமானது. அதன் பிறகுதான் சுத்தக் கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டும். ஸ்கேனரே மாற்றித் தரட்டும் என்று விட்டால் மெல்லிய கோடெல்லாம் போய்விடும். முதல் காட்சி முடிந்தவுடனேயே ஸ்கேன் செய்துவிடுங்கள், கடைசிக்கு என்று சேர்த்துவைத்தால் கரப்பான் பூச்சிக்கும் கூரை ஒழுகலுக்கும் எட்டு மாதம் வாய்ப்புக் கொடுத்த மாதிரி.

எல்லாம் முடிந்ததும் முதலில் போட்ட காட்சியைப் பார்த்தால் மறுபடி வரையத் தோன்றும். அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆறு பக்கம். தூக்கிவைத்திருந்த முதல் நாலு பக்கத்துக்கே நாலு போய்விட்டது. ஐந்தாவது, வலைக் கிழவர் இருக்கும் 37-ஆம் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். ஆறாவதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. தினமும் ஒவ்வொரு பக்கமாக வந்து கேட்டுவிட்டுப் போகிறது.